395-ஆம் நெடுஞ்சாலையில் தனியாக: வழியில் உள்ள சிற்றூர்களில் தங்க வேண்டுமா?

செப்டம்பர் 2, 2024 | கேள்வி

அக்டோபர் முதல் வாரத்தில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் தனியாகப் புறப்பட்டு, டெத் வேலிப் பாலைவனத் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு, 395-ஆம் நெடுஞ்சாலை வழியாக வடக்கே மோனோ ஏரி வரை போக எண்ணியிருக்கிறேன். நண்பர்கள் இரண்டு விஷயம் சொல்கிறார்கள். பாலைவனத்தில் தனியாகப் போகக் கூடாது என்பது ஒன்று. லோன் பைன், இண்டிபெண்டன்ஸ், பிக் பைன், பிஷப் எல்லாம் பெட்ரோல் போட மட்டுமே நிற்க வேண்டிய ஊர்கள், அங்கே தங்கினால் பொழுது வீண் என்பது மற்றொன்று. மூன்று நாளில் முடித்துவிடலாமா? போய் வந்தவர்கள் சொல்லவும்.

செப்டம்பர் 2, இரவு | பதில்

தனியாகப் போகலாம். மூன்று நாள் போதாது. ஐந்து நாளாவது ஒதுக்குங்கள்.

அந்த ஊர்களைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. மேற்கே பதினான்காயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சியரா நெவாடா, கிழக்கே இன்யோ மலைகளும் வெள்ளை மலைகளும், நடுவே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு என்று அமைந்த நிலம் அது. மலையையும் பாலையையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர், அந்தப் பாலையில் ஒரு பகுதி மனிதர் கையால் உண்டானது என்பதை அறியாமலே திரும்பிவிடுவார். சிற்றூர்களில் நின்று கேட்டால்தான் அது விளங்கும். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 4

முதலில் பாதுகாப்பு. டெத் வேலியில் அக்டோபர் தொடக்கத்திலும் பகல் வெப்பம் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவதுண்டு. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரி, அதாவது 56.7 செல்சியஸ்தான், உலக வானிலை அமைப்பின் பதிவுப்படி இன்றுவரை உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பம். ஆகவே முதல் இரவு ஸ்டவ்பைப் வெல்ஸிலோ ஃபர்னஸ் கிரீக்கிலோ தங்கி, மறுநாள் விடியும் முன்பே பேட்வாட்டருக்குப் போய்விடுங்கள். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கும் அந்த உப்புத் தரையில் நின்று, கார் நிறுத்துமிடத்தின் பின்னால் செங்குத்தாக எழும் மலையை அண்ணாந்து பார்த்தால், மிக உயரத்தில் பாறையோடு ஒட்டிய சிறு வெள்ளைப் பலகை ஒன்று தெரியும். கடல் மட்டம் அங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக வைத்த பலகை அது. வெயில் ஏறுவதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

காரைப் பற்றி. டெத் வேலிக்கும் பனமிண்ட் பள்ளத்தாக்குக்கும் இடையில் உள்ள டவுன் கணவாய் 4,956 அடி உயரம். கடல் மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவும் ஏற வேண்டும். ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகள் உண்டு, அதன்படி செய்யுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர் என்று கணக்கு வைத்து, ரேடியேட்டருக்குத் தனியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கைபேசித் தொடர்பு பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவழி என்று கருவி காட்டும் மண் சாலையில் எக்காரணம் கொண்டும் திரும்ப வேண்டாம். கைவிடப்பட்ட சாலைகளில் கருவியை நம்பிப் போய் உயிரிழந்தவர்கள் அங்கே உண்டு. கார் நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு மனிதரைவிடக் கார்தான் எளிதில் கண்ணில் படும்.

தனியாகப் போகிறவருக்கு இன்னும் ஒன்று: இன்று எந்த ஊரில் இரவு, நாளை எத்தனை மணிக்குள் அழைப்பேன் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

செப்டம்பர் 5

விட்டுப்போன ஒன்று. புறப்படுவதற்கு முந்தைய நாள் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் மழையில் சாலைகள் அரித்துப் போய், பூங்கா ஏறத்தாழ இரண்டு மாதம் மூடியிருந்தது. பேட்வாட்டரில் ஏரியே உண்டாகி, அடுத்த வசந்தம் வரை நின்றது. மழையே பெய்யாத இடம் என்று நினைத்துப் போக வேண்டாம்.

செப்டம்பர் 8

இனி ஊர்கள். டெத் வேலியிலிருந்து 190, 136 ஆகிய சாலைகள் வழியாக லோன் பைனுக்கு வரும்போது, கீலர் என்ற ஊரைக் கடப்பீர்கள். கடக்காமல் நில்லுங்கள். மூடிய பழைய ரயில் நிலையமும் சில வீடுகளும் மட்டுமே அங்கே தெரியும். இது ஏரிக்கரை ஊராக இருந்தது. எதிரே வெளிறிக் கிடக்கும் தரைதான் ஓவன்ஸ் ஏரி. ஏறத்தாழ நூறு சதுர மைல் பரப்பு. 1870-களில் செர்ரோ கோர்டோ சுரங்கத்தின் வெள்ளிக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு இதன் மேல் நீராவிப் படகு ஓடியது.

1913 நவம்பர் 5 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்டின் பொறுப்பில் கட்டிய கால்வாய் திறக்கப்பட்டு, ஓவன்ஸ் ஆற்றின் நீர் 233 மைல் தள்ளி இருக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. வழியில் ஓரிடத்திலும் பம்பு கிடையாது, நிலத்தின் சரிவே நீரைக் கொண்டுபோகிறது. பொறியியல் என்ற அளவில் அதை வியக்காமல் இருக்க முடியாது. 1926 வாக்கில் ஏரி வற்றிவிட்டது. அடியில் இருந்த உப்பும் நுண்மண்ணும் காற்றில் எழும்பி, நுரையீரலுக்குள் போகும் அளவுள்ள தூசியைப் பொறுத்தவரை நாட்டிலேயே மிகப் பெரிய ஒற்றை மூலமாக இந்த ஏரிப் படுகை பல பத்தாண்டுகள் இருந்தது. வழக்குகளுக்குப் பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நகரம் இருநூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்து, படுகையின் சில பகுதிகளில் ஆழமில்லாமல் நீர் நிறுத்தியும், சரளைக் கல் பரப்பியும், உப்புப் புல் வளர்த்தும் தூசியை அடக்கி வருகிறது.

காற்றடித்த ஒரு மாலை நான் கீலரில் காரை விட்டு இறங்கியபோது, கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. உதட்டில் உப்புக் கரித்தது. அன்று இரவு லோன் பைன் விடுதியில் முகம் கழுவிய பிறகும் கண் எரிச்சல் நிற்கவில்லை. கட்டுப்பாட்டு வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே இப்படி என்றால், எழுபது ஆண்டுக்கு மேல் எதுவுமே செய்யாமல் விட்டிருந்த காலத்தில் கீலரில் குழந்தை வளர்த்தவர்களை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் அதே ஏரியில், நீர் நிறுத்திய பாத்திகளில், உள்ளான் வகைப் பறவைகள் கூட்டமாக இறங்கியிருந்தன. நீர் திரும்பிய இடத்துக்குப் பறவையும் திரும்பிவிடுகிறது.

செப்டம்பர் 9

அலபாமா குன்றுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். லோன் பைனுக்கு மேற்கே சில நிமிடத் தொலைவுதான். உருண்டு திரண்ட பழுப்புப் பாறைகளுக்குப் பின்னால் 14,505 அடி விட்னி சிகரம் தெரியும். படங்களில் பார்த்திருப்பீர்கள், நேரில் அதைவிட நன்றாக இருக்கிறது. விடியலில் போங்கள்.

அதே காலையில், ஊருக்குச் சற்று வடக்கே 1872 மார்ச் 26 நிலநடுக்கத்தில் இறந்தவர்களைச் சேர்த்துப் புதைத்த இடத்தையும் பார்த்துவிடுங்கள். சின்ன வேலி, ஒரு கல், சுற்றிலும் புதர். அந்த ஒரு விடியற்காலையில் லோன் பைனில் 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலான வீடுகள் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டியவை என்பதால் அப்படியே சரிந்துவிட்டன.

செப்டம்பர் 12

மான்சனார் லோன் பைனுக்கு வடக்கே ஒன்பது மைல் தொலைவில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. அரை நாளாவது அங்கே செலவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் ஆணையின்படி, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டையும் கடையையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்களை அடைத்த பத்து முகாம்களில் ஒன்று மான்சனார். உச்சத்தில் பத்தாயிரம் பேர் அங்கே இருந்தார்கள். 1945 நவம்பரில்தான் மூடினார்கள்.

அந்த இடத்தில் முகாம் ஏன் அமைந்தது என்று கேட்டால், பேச்சு மறுபடியும் தண்ணீருக்கே வந்துவிடும். அது 1910-இல் தொடங்கிய பழத்தோட்ட ஊர். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1920-களில் நீருரிமைக்காக அந்த நிலங்களை வாங்கியது, மக்கள் வெளியேறினார்கள், தோட்டங்கள் காய்ந்தன. 1942-இல் ராணுவத்துக்குக் கிடைத்தது நகரத்துக்குச் சொந்தமான அந்த வெற்று நிலம். அடைக்கப்பட்டவர்களில் சிலர், பல ஆண்டு கவனிப்பாரற்று நின்ற பேரி மரங்களுக்கு நீர் பாய்ச்சிக் கிளை கழித்து, மீண்டும் காய்க்க வைத்தார்கள். சில மரங்கள் இன்னும் நிற்கின்றன.

காட்சிக்கூடத்தைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், காரிலோ நடந்தோ உள்ளே சுற்றி வாருங்கள். உணவுக் கூடங்களுக்கு முன்னால், வரிசையில் நிற்கும் நேரத்தில் மனம் சற்று ஆறட்டும் என்று அவர்கள் அமைத்த தோட்டங்களை மண்ணிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். நான் பார்த்த குளம் வறண்டிருந்தது. அதன் கரையில் வைத்த ஒவ்வொரு கல்லும், அதன் நல்ல முகம் பார்ப்பவரை நோக்கி இருக்கும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அருகே சிமெண்ட் ஈரமாக இருந்தபோது யாரோ விரலாலோ குச்சியாலோ எழுதிய எழுத்துகள் அப்படியே இறுகியிருந்தன. முள்வேலிக்குள் இருந்த ஒருவர் கல்லின் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் அதிகமாகச் சொன்னது.

பின்பக்கத்தில், மலையைப் பார்த்தபடி, 1943-இல் அவர்களே எழுப்பிய வெள்ளை நினைவுத் தூண் இருக்கிறது. அதன் அடியில் வருகிறவர்கள் நாணயங்களையும் காகிதக் கொக்குகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

செப்டம்பர் 14

"நகரத்தில் கோடிக்கணக்கானவர்களுக்குத் தண்ணீர் வேண்டாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டும். நானே பல ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்து அந்தக் குழாய் நீரைக் குடித்தவன். அதனால்தான் இந்த விஷயம் என்னை விடவில்லை.

நிலம் விற்ற விவசாயிகள் பலர் விரும்பித்தான் விற்றார்கள். மற்றவர்கள் அண்டை நிலம் போனதால் வாய்க்கால் பராமரிக்க ஆளின்றி விற்றார்கள். எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1924 நவம்பரில் லோன் பைனுக்கு அருகே உள்ள அலபாமா மதகுகளைக் கைப்பற்றி, நான்கு நாள் கால்வாய் நீரைப் பழைய ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். குடும்பங்கள் அங்கேயே வந்து சமைத்துச் சாப்பிட்டன. 1927-இல் அவர்களுக்குத் துணை நின்ற உள்ளூர் வங்கி விழுந்ததும் எதிர்ப்பு அடங்கியது. மதகுகள் இன்றும் சாலையிலிருந்து தெரியும்.

ஆனால் விவசாயிகளின் இழப்போடு நிறுத்த மனம் ஒப்பவில்லை. அவர்களுக்கு முன்பே இந்த மண்ணின் பழங்குடியினரான பையூட் மக்கள் பிஷப் பக்கம் ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, காட்டுக் கிழங்கும் விதைப்புல்லும் விளையும் நிலங்களுக்கு நீர் பாய்ச்சி வந்தார்கள். 1863 கோடையில் ராணுவம் அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரை டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனது. வழியில் பலர் இறந்தார்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் சொந்த நிலத்தில் கூலிகளாக வேலை செய்தார்கள். பிஷப்பில் அவர்களே நடத்தும் பண்பாட்டு மையமும், இண்டிபெண்டன்ஸில் மாவட்ட அருங்காட்சியகத்தில் அவர்களுடைய கூடைகளும் இருக்கின்றன. கூடைகளின் முன்னால் நேரம் எடுத்து நில்லுங்கள். நீர் கசியாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னியவையும் அவற்றில் உண்டு.

செப்டம்பர் 15

முதல் நாள் கேள்விக்கு இப்போதுதான் நேரான விடை சொல்ல முடிகிறது. "அந்த ஊர்களில் ஒன்றும் இல்லை" என்பது ஏன் அப்படித் தோன்றுகிறது? இந்த ஊர்கள் அடங்கிய இன்யோ மாவட்டம் பத்தாயிரம் சதுர மைல். மக்கள் சுமார் பத்தொன்பதாயிரம். பெரும்பகுதி மத்திய அரசின் நிலம். பள்ளத்தாக்கின் தரையில் மிஞ்சியதில் இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம். வீடு கட்ட நிலமே விற்பனைக்கு வராத இடத்தில் ஊர் எப்படி வளரும்? லோன் பைன் இரண்டாயிரம் பேரோடும் பிஷப் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேரோடும் நிற்பது சோம்பலால் அல்ல.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நிலம் விற்பனைக்கு வராததால்தான் சாலையின் இருபுறமும் கடைவீதியும் குடியிருப்புமாக நிரம்பாமல், மலையடி வரை பார்வை தடையின்றிப் போகிறது. நாம் அழகு என்று படம் எடுக்கும் அந்த வெற்று வெளி, ஒரு வகையில், அந்தக் கொள்முதலின் விளைவு. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது எனக்கு இன்னும் எளிதாக இல்லை.

செப்டம்பர் 17

சாப்பாடு. சைவம் என்றால் லோன் பைனில் மாலையில் கிடைப்பது மிகக் குறைவு. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டால் சோறு மட்டும் எங்கேயாவது வடித்துக்கொள்ளலாம். சிறிய மின்சாரக் குக்கர் பல விடுதி அறைகளில் பிரச்சினையில்லை, ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தயிருக்கும் பழத்துக்கும் பனிப்பெட்டி. பிஷப்பில் பெரிய மளிகைக் கடைகள் உண்டு. அதற்கு வடக்கே விலை ஏறும்.

செப்டம்பர் 20

பிக் பைனிலிருந்து 168-ஆம் சாலையில் கிழக்கே ஏறினால், பத்தாயிரம் அடி உயரத்தில் ஷூல்மன் தோப்பு. பிரிசில்கோன் பைன் மரங்கள். 1957-இல் எட்மண்ட் ஷூல்மன் வளையங்களை எண்ணி 4,800 ஆண்டுக்கும் மேல் வயதுடையது என்று கண்ட மரம் இந்தத் தோப்பில்தான் இருக்கிறது. எது என்று அடையாளம் வைக்கவில்லை. தொட்டும் பெயர் செதுக்கியும் கெடுத்துவிடுவார்கள் என்பதால் நல்ல முடிவுதான்.

இங்கே வளமான மண் இல்லை. வெளிறிய டாலமைட் கல், குறைந்த மழை, நீண்ட குளிர். மற்ற செடிகள் வர மறுக்கும் இந்த இடத்தில் இம்மரங்கள் மிக மெதுவாக வளர்வதால் மரம் அடர்ந்து, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் நுழைவதில்லை. பல மரங்களில் அடிமரத்தின் பெரும்பகுதி செத்து, காற்றும் மணலும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேறி, ஒரு கையகலப் பட்டை மட்டும் உயிரோடு மேலே ஏறிப் போகிறது. அந்தப் பட்டையின் முடிவில் ஒரு கிளை, அதில் பசிய ஊசியிலைகள், நுனியில் பிசின் ஒட்டும் காய்கள். நான் நெடுநேரம் அந்த ஒரு பட்டையையே கீழிருந்து மேல்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயரத்தால் தலைவலி வரலாம். மெதுவாக நடங்கள், மதியத்துக்குப் பிறகு கிளம்பிவிடுங்கள். மேலே பெட்ரோல் கிடையாது.

செப்டம்பர் 23

மோனோ ஏரி. ஓவன்ஸ் ஏரியைப் பார்த்த பிறகு இதைப் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. வடக்கிலிருந்து தெற்கே வருகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

1941-இல் லாஸ் ஏஞ்சலஸ் தன் கால்வாயை வடக்கே நீட்டி, மோனோவில் விழும் ஓடைகளையும் எடுத்துக்கொண்டது. 1982-க்குள் ஏரி 45 அடி தாழ்ந்தது, உப்பு இரு மடங்கானது. ஏரிக்கடியில் ஊற்று நீரின் கால்சியமும் ஏரி நீரின் கார்பனேட்டும் சேர்ந்து வளர்ந்த சுண்ணக் கோபுரங்கள் அப்போதுதான் வெளியே தெரிந்தன. எல்லாரும் படம் எடுக்கும் அந்தக் கோபுரங்கள் நீர் போனதன் சாட்சி. மீன் வாழாத இந்த நீரில் உப்பு இறாலும் கரையோர ஈயும் கோடிக்கணக்கில் உண்டு. இலையுதிர் காலத்தில் அவற்றைத் தின்று கொழுக்க முக்குளிப்பான் வகைப் பறவைகள் பத்து லட்சத்துக்கும் மேல் வந்து இறங்கும். நீங்கள் போகும் நேரம் அதற்குப் பொருத்தம்.

ஓவன்ஸுக்கு நேர்ந்தது இதற்கு நேராததற்குக் காரணம் மனிதர்கள். 1978-இல் டேவிட் கெயின்ஸ் என்ற பறவை ஆர்வலரும் நண்பர்களும் ஒரு குழு தொடங்கினார்கள். இயற்கை நீர்நிலைகளைப் பொதுமக்களின் பொறுப்பில் வைத்த சொத்தாகக் கருதி அரசு காக்க வேண்டும் என்று 1983-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-இல் மாநில நீர் வாரியம் ஏரி 6,392 அடி மட்டத்துக்கு உயர வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த மட்டத்தை ஏரி இன்னும் எட்டவில்லை. ஏரியை ஒட்டிய லீ வைனிங் ஊரில் அந்தக் குழுவின் கடையும் தகவல் அறையும் இருக்கின்றன. இன்றைய மட்டம் என்ன என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

செப்டம்பர் 26

இரவுகளைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஏழு மணிக்கு மேல் இந்த ஊர்களில் கடைவீதி அடங்கிவிடும். நான் பயந்ததில்லை, ஆனால் நான் ஆண். தனியாகச் சென்ற பெண்கள் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். அறையை நெடுஞ்சாலைக்குப் பின்பக்கம் கேளுங்கள், லாரிகள் இரவெல்லாம் போகும்.

தனிமை எனக்கு அங்கே பாரமாக இருந்ததில்லை. கூட்டமாகப் போனால் பேச்சு நமக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தனியாக நிற்பவரிடம் ஊர்க்காரர் பேசுகிறார். ஒரு விடுதி முகப்பில் இருந்த குஜராத்திப் பெண்மணி, மறுநாள் காற்று எப்படி என்று நான் கேட்டதற்கு, மலை மேல் லென்ஸ் வடிவ மேகம் நிற்பதைச் சன்னல் வழியே காட்டி, "பத்து மணிக்குள் தெற்குப் பகுதியைக் கடந்துவிடுங்கள்" என்றார். அவர் சொன்னபடியே பதினொன்றுக்குச் சாலையோரத்தில் உயரமான வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 29

நேரம் இருந்தால் போடி: கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊர், எட்டாயிரம் அடிக்கு மேல். கடைசி மூன்று மைல் மண் சாலை, சாதாரணக் காரே மெதுவாகப் போகும். வீடுகளைப் புதுப்பிக்காமல், மேலும் விழாமல் மட்டும் காத்து வருகிறார்கள். உணவு, பெட்ரோல் இரண்டும் கிடையாது. ஐந்து நாளில் ஒன்றை விட வேண்டி வந்தால் இதை விடுங்கள், மான்சனாரை விடாதீர்கள்.

திரும்பும் வழி: யோசெமிட்டி வழியாக மேற்கே போக நினைத்தால், டயோகா கணவாய் 9,943 அடி. முதல் பெரும்பனி விழுந்ததும் மூடுவார்கள், அக்டோபரிலும் சில நாள் மூடுவதுண்டு. அன்று காலை மாநிலப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூடியிருந்தால் சுற்றிப் போக முயல வேண்டாம். 395-இலேயே தெற்கே திரும்பிவிடுங்கள். ஷெர்வின் இறக்கத்தில் பிஷப் பள்ளத்தாக்கு முழுவதும் முன்னால் விரியும் இடத்தில் வண்டி நிறுத்தப் பார்வை மேடை உண்டு, சாலையோரத்தில் திடீரென்று நிறுத்தாதீர்கள்.